தைராய்டு மாத்திரையும் கூடும் எடையும்

 

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு ஆகிய ஊர்களில் வாழும் சமணக் குடும்பங்கள் பலவற்றின் அடுக்களை அலமாரியில் இன்று ஒரு மாத்திரைப் புட்டி இருக்கக் காணலாம். விடியலில் எழுந்ததும் குடும்பத் தலைவி அதிலிருந்து ஒன்றை எடுத்து வெறும் வயிற்றில் விழுங்குகிறார். கேட்டால், "எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்கிறார். தைராய்டு எல்லார்க்கும் உண்டு. கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்த கேடயச் சுரப்பி அது. அவரிடம் உள்ளது அச்சுரப்பி குறைவாகச் சுரக்கும் நிலை. சொல்வழக்கில் நேர்ந்த இச்சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய உடல் எடையைப் பற்றி வீட்டார் பேசும் பிழைகளோ பொறுக்கத் தக்கவை அல்ல.

ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். ஈராண்டில் அவர் எடை 60 கிலோவிலிருந்து 70 ஆயிற்று. ஓயாத சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல். பிறர்க்கு வியர்க்கும் வேளையில் அவர்க்கு மட்டும் குளிர். குருதிச் சோதனையில் டி.எஸ்.எச். அளவு மிகுந்திருந்தது. மாத்திரை தொடங்கிய நான்கு திங்களில் சோதனைத் தாள் சீராயிற்று, சோர்வும் நீங்கிற்று. எடையோ 67 கிலோவில் நின்றுவிட்டது. பின்னர் மெல்ல ஏறவும் தொடங்கிற்று. "இந்த மாத்திரைதான் உடம்பை ஊத வைக்கிறது" என்கிறார் கணவர். "வாயைக் கட்டினால் தானே இளைப்பாள்" என்கிறார் நாத்தனார். எதிர்வீட்டம்மா ஒரு பச்சிலைச் சாற்றைப் பரிந்துரைக்கிறார். இவ்வளவையும் கேட்ட அம்மையார் ஒருநாள் எவரிடமும் சொல்லாமல் புட்டியை மூடி வைத்துவிடுகிறார். இத்தகைய நிகழ்ச்சி பல வீடுகளில் நடப்பதே.

உண்மை என்ன? சுரப்புக் குறைந்தால் உடலின் இயக்கம் மந்தமாகும், எடை கூடும். ஆனால் அவ்வாறு கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நோய் மிக முற்றியவர்க்கே அதற்கு மேற்படும். அந்த எடையிலும் கொழுப்பை விட, உடலில் தேங்கிய உப்பும் நீருமே மிகுதி. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் வடிவது அந்த நீரே. அம்மையார்க்குக் குறைந்த மூன்று கிலோ அதுதான். எஞ்சிய ஏழு கிலோவிற்குத் தைராய்டும் பொறுப்பன்று, மாத்திரையும் பொறுப்பன்று. மாத்திரை, சுரப்பி தர இயலாத ஒன்றை ஈடுசெய்கிறது. அளவு சரியாக இருக்கும்வரை அது எவரையும் பருக்க வைப்பதில்லை, இளைக்க வைப்பதும் இல்லை. கணவர் கூற்று முற்றும் தவறு. நாத்தனார் கூற்றில் பாதி உண்மை இருந்தாலும், நோயுற்றவரிடம் அதனைச் சொன்ன முறை தவறு.

மாத்திரையை நிறுத்துவது போலவே தீயது, இளைக்க வேண்டி அதனை இரண்டாக விழுங்குவது. அளவு மிகுந்தால் நெஞ்சு படபடக்கும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்கு எலும்பு தேயும். உடற்பருமனைக் குறைக்க இதனைப் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கை அமெரிக்காவில் இம்மருந்தின் விளக்கத் தாளிலேயே அச்சிடப்பெறுகிறது. கருவுற்ற மருமகள் மாத்திரையை நிறுத்தினாலோ கேடு இன்னும் பெரிது. குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் சுரப்பை நம்பியிருக்கும் காலம் அது. அப்போது பெரும்பாலார்க்கு அளவைக் கூட்டவே நேரிடும்.

ராணிப்பேட்டையில் எந்த நோய் வந்தாலும் தோல் தொழிற்சாலைக் கழிவின்மேல் பழி போடுவது வழக்கம். பழிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2006இல் பிளாக்ஸ்மித் என்னும் அமெரிக்க நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களுள் ஒன்றாக இவ்வூரைக் குறித்தது. நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த துயரம் ஊரறிந்தது. ஆயினும் தைராய்டுக் குறைவை அதன் கணக்கில் எழுத இயலாது. சென்னை, பெங்களூரு, தில்லி, கொல்கத்தா உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவர்க்கு இக்குறை இருந்தது. தோல் பதனிடாத ஊர்களிலும் அது பரவலாக உள்ளது. உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென எண்ணித் தாக்குவதே பெரும்பாலும் இதன் காரணம்.

சமணர் இல்லங்களில் மட்டும் எழும் ஒரு வினாவும் உண்டு. இம்மருந்து உயிர்க்கொலையால் வருவதா? முன்பு அப்படித்தான் வந்தது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், 46 வயதுப் பெண்மணி ஒருவர்க்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். சாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தம் 74ஆம் வயதில் இறந்தார். அதற்குள் அவர்க்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. ஓர் உயிரைக் காக்க அத்தனை உயிர்கள்! இக்கணக்கைக் கேட்டுக் கலங்காத சமண நெஞ்சம் இராது. 1927இல் சார்லஸ் ஹாரிங்டன் என்னும் அறிஞர் உடன் பணியாற்றிய ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து அச்சுரப்புப் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக ஆக்கினார். இன்று மருத்துவர் எழுதித் தரும் லெவோதைராக்சின் அவ்வழி வந்த செயற்கை மருந்து. அதற்காக எந்த ஆடும் அறுபடுவதில்லை. ஐயத்தால் மாத்திரையை விலக்கியிருப்போர் இனி விலக்க வேண்டா.

மாத்திரையை உண்ணும் முறையிலும் கருத்து வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருந்து, பிறகே காப்பி. மாத்திரையும் காப்பியும் ஒன்றாக உள்ளே போனால் மருந்தின் ஒரு பகுதி உடலில் சேராமலே கழியும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுசோதனை. அதற்கு முன் எடுக்கும் சோதனை வீண் செலவு.

இனி அந்த ஏழு கிலோவிற்கு வருவோம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டங்களின் சமணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழவுக் குடும்பங்கள். நடவும் களையெடுப்பும் கதிரடிப்பும் இருந்த காலத்து உணவு அது. நெய்யும் சோறும் உடல் உழைப்பில் கரைந்தன. பிள்ளைகள் பள்ளி ஆசிரியராகவும் அலுவலராகவும் நகரங்களுக்கு வந்தனர். வயல் பின்தங்கிவிட்டது, வட்டில் மட்டும் கூடவே வந்துவிட்டது. நால்வர் உள்ள வீட்டில் திங்களுக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் செலவானால், ஒருவர்க்கு நாள்தோறும் எண்ணெயிலிருந்து மட்டும் 340 கலோரி. அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலே நூறு கலோரிக்கு மேல் மிஞ்சும். இதற்கு வாயைக் கட்ட வேண்டுவதில்லை. வாணலியைக் கவனித்தால் போதும். கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கம் எடைக்கு நல்ல துணை. ஆனால் ஐந்து மணிக்குப் பஜ்ஜியும் ஆறு மணிக்குச் சோறும் என்று இரண்டையும் நெருக்கி முடிப்பதால் அத்துணை கைவிட்டுப் போகிறது!

மீனும் முட்டையும் புகாத அடுக்களைக்கு அயோடின் தருவது பெரும்பாலும் உப்பும் பாலும்தான். இந்துப்பு உயர்ந்தது என்று விளம்பரம் கேட்டு அயோடின் கலந்த உப்பை அறவே விலக்குவது நன்றன்று. அதே வேளையில், மாத்திரை உண்பவர் அயோடினைக் கூடுதலாகத் தேடி உண்பதாலும் பயனில்லை. வெந்த முட்டைக்கோசுக்கும் என்றோ ஒருநாள் குடிக்கும் கம்பங்கூழுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை.

நோன்பு நாள்களில் என்ன செய்வது என்பதே தாய்மார் பலர் கேட்கத் தயங்குவது. புறத்தவம் ஆறனுள் உண்ணாமை முதலாவது. வயிறு நிரம்பாமல் உண்ணும் அவமோதரியம் இரண்டாவது. எடையோடு போராடுவோர்க்கு முதலாவதைவிட இரண்டாவதே உகந்தது. அதனை ஆண்டு முழுதும் மேற்கொள்ளலாம். உண்ட மருந்தில் பாதி உடலினின்று நீங்க ஏறத்தாழ ஏழு நாள் ஆகுமாதலால், ஒருநாள் உபவாசத்தில் மாத்திரை தவறினால் பெருந்தீங்கு இல்லை. தசலட்சணப் பருவத்தின் பத்து நாளும் தவறினால் சுரப்பின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நோன்பு ஏற்கும்போதே மருந்துக்கும் அதனை விழுங்கும் காய்ச்சிய நீர்க்கும் விலக்கு வைத்து ஏற்கலாம். நீண்ட நோன்பாயின் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயோ இதய நோயோ உடனிருப்பவர் மருத்துவர் வேண்டாவென்றால் கேட்டுக்கொள்வதே தக்கது.

நோன்பில் குறைந்த இரண்டு கிலோவைக் கண்டு மகிழ்வோர், பாரணை நாளில் சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் வடையும் ஒருசேர உண்டு ஒரே வாரத்தில் அதனை மீட்டுக்கொள்கின்றனர். அன்றும் விடியலில் முதலில் மாத்திரை. ஒருமணி கழித்துப் பாசிப்பயற்றுக் கஞ்சி. பாயசம் வேண்டுமாயின் ஒரு சிறு கிண்ணம். பரிமாறும் நாத்தனார் இரண்டாம் கிண்ணத்திற்கு வற்புறுத்தாமல் இருக்கட்டும்.