கேட்பவரும் உயர வேண்டும்



சற்று முன் நம் பிள்ளைகள் இந்தத் தமிழ்ச் சங்க மேடையில் பேசக் கேட்டோம். அவர்களுக்கு நாம் பேச்சை எப்படிக் கற்றுத்தருகிறோம் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன். நான் சொல்லப்போகும் சான்று நாம் வாழும் இந்த அமெரிக்க மண்ணிலேயே இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்காக 1865-இல் திறக்கப்பட்ட வாசர் கல்லூரி அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆங்கில இலக்கியமும் சொற்கலையும் கற்பித்தவர் கெர்ட்ரூட் பக். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் நியூட்டன் ஸ்காட்டிடம் பயின்று 1898-இல் முனைவர் பட்டம் பெற்றவர். அந்நாளில் பல கல்லூரிகளில் சொற்கலை வகுப்பு பிழைதிருத்தும் வகுப்பாகச் சுருங்கியிருந்தது. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, பத்தி அமைப்பு ஆகியவற்றிலேயே ஆசிரியர்களின் கவனம் போயிற்று.

பக் வேறு வழியில் நடந்தார். தருக்க விதிகளை முதலில் ஒப்பிக்கச் சொல்லவில்லை. வாதம் எழுதுவது பற்றி 1899-இல் அவர் வெளியிட்ட பாடநூலின் நெறி இது: தனக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றி மாணவி முதலில் வாதிட வேண்டும், விதி என்ன என்பதை அந்த வாதத்துக்குள்ளிருந்து அவளே கண்டறிய வேண்டும். அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கேட்பவரை மடக்கித் தான் மட்டும் ஆதாயம் அடையும் பேச்சு சமூகத்துக்குப் பகை. பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் நன்மை தருவதே நல்ல பேச்சு என்றார்.

இப்படி வாதிடக் கற்ற அன்றைய வாசர் மாணவிகளுக்கு நியூயார்க்கில் வாக்குரிமை கிடையாது. அது 1917-இல்தான் கிடைத்தது. வளாகத்தில் வாக்குரிமைக் கூட்டம் நடத்தக் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மன்றோ டெய்லர் இடம் தரவில்லை. 1908-இல் ஐனஸ் மில்ஹாலண்ட் என்ற மாணவி, வளாகத்துக்கு அருகிலிருந்த கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நடத்தினார். ஏறத்தாழ 40 பேர் கூடினார்கள். தொப்பி தைக்கும் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவியான ரோஸ் ஷ்னைடர்மன் அங்கே பேசினார். கல்லூரிப் பெண்கள் ஒரு தொழிலாளிப் பெண்ணின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

கேட்பவரையும் மதிக்கும் இந்த நெறி நமக்குப் புதிதன்று. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அவை அஞ்சாமைக்கு ஒன்று வைத்தார். அவற்றோடு அவை அறிதலுக்கும் ஒன்று வைத்தார். எதிரே இருப்பவரை அறியாத பேச்சை அவர் பேச்சாகவே கொள்ளவில்லை.

ஆனால் நம் பேச்சுப் போட்டிகளில் நடப்பது என்ன? பெற்றோர் எழுதித் தருகிறார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அவர்களின் உழைப்பைப் போற்றுகிறேன். என்றாலும் அந்தத் தமிழில் அவர்களின் சொந்த எண்ணத்துக்கு இடமில்லை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த ஆண்டுப் போட்டியில் தலைப்பைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். விடுமுறை நாளில் தமிழ் வகுப்பு எதற்கு என்று கேட்க விரும்பும் பிள்ளை, அதையும் தமிழிலேயே கேட்கட்டும். பெற்றோர் எழுந்து தமிழிலேயே மறுமொழி சொல்லட்டும். எதிர்த்தரப்பைக் கவனமாகக் கேட்டு விடையளித்தவருக்கு நடுவர்கள் கூடுதல் மதிப்பெண் தரட்டும். தன் மனத்தில் உள்ளதைத் தமிழில் வாதிட்டுப் பழகிய பிள்ளை, வளர்ந்த பிறகும் தமிழை விடாது என்று உறுதியாக நம்புகிறேன்.