ஜேம்ஸ் ஜாய்சின் 'டப்ளின் நகரத்தார்': கருப்பொருளும் கதை சொல்லும் முறையும்

 

வெள்ளி விழாச் சொற்பொழிவு வரிசையில் அயல்நாட்டு இலக்கியம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார்கள். அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் இயற்றிய 'டப்ளினர்ஸ்' என்னும் சிறுகதைத் தொகுதியை எடுத்துக்கொண்டேன். 'டப்ளின் நகரத்தார்' என அதனைத் தமிழில் வழங்கலாம். இந்நூலில் 15 கதைகள் உள்ளன. அவற்றில் மன்னர் இல்லை, மாவீரர் இல்லை. படியெடுக்கும் எழுத்தர், கடையில் வேலை செய்யும் பெண், சலவை நிலையத்துச் சமையற்காரி, பள்ளிச் சிறுவன் ஆகியோரே கதைமாந்தர்கள். இத்தகைய எளியோரின் கதைகள் நூறாண்டு கடந்தும் ஏன் நிலைத்து நிற்கின்றன? அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பது என் கருத்து. ஒவ்வொரு கதையிலும் ஜாய்ஸ் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். விடுபட்ட அப்பகுதியிலேயே கதையின் உயிர் இருக்கிறது.

முதலில் பின்னணியைச் சிறிது நோக்குவோம். 1801ஆம் ஆண்டு அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டது. டப்ளினில் இருந்த பாராளுமன்றம் மறைந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். தன்னாட்சிக்குப் போராடிய தலைவர் பார்னெல் 1891இல் காலமானார். அப்பொழுது 1882இல் பிறந்த ஜாய்சுக்கு வயது ஒன்பது. வசதியாக இருந்த அவருடைய குடும்பம், தந்தை வேலையை இழந்தபின் வறுமையில் வீழ்ந்து, வீடு மாறி வீடு மாறி அலைந்தது. ஆகவே தாம் எழுதிய தெருக்களை அவர் நடந்து அறிந்தவர்.

இந்நூலின் நோக்கத்தை 1906ஆம் ஆண்டில் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்சுக்கு எழுதிய மடலில் ஜாய்ஸ் விளக்கியிருக்கிறார். தம் நாட்டின் ஒழுக்க வரலாற்றில் ஓர் இயலை எழுதுவதே தம் எண்ணம் என்றும், செயலற்று முடங்கிய நிலைக்கு டப்ளின் நடுவிடமாகத் தோன்றியதால் அதனைக் களமாகக் கொண்டதாகவும் அவர் குறிப்பிட்டார். சிறுபருவம், இளமை, முதிர்ச்சி, பொதுவாழ்வு என நான்கு நிலைகளாகக் கதைகளை வகுத்தார். சிறுபருவத்துக் கதைகள் மூன்றும் ஒரு சிறுவனே தன் வாய்மொழியாகச் சொல்வன. எஞ்சிய கதைகளில் சொல்பவர் விலகி நிற்கிறார்.

முதற்கதையாகிய 'சகோதரியர்' தொடங்கும்பொழுதே அச்சிறுவன் புரியாத சில சொற்களைப் பற்றிச் சிந்திக்கிறான். அவற்றுள் ஒன்று 'நோமன்'. யூக்ளிட் வடிவ கணிதத்தில் வரும் சொல் அது. ஓர் இணைகரத்தின் ஒரு மூலையிலிருந்து அதே வடிவமுள்ள சிறிய இணைகரத்தை வெட்டி நீக்கினால் எஞ்சும் உருவமே நோமன். அதனைக் காண்பவர் கண் விடுபட்ட மூலையைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஜாய்சின் கதைகள் இத்தகைய உருவங்களே. இருக்கும் கோடுகளை அவர் துல்லியமாக வரைந்துவிடுகிறார். இல்லாத மூலையை அளப்பது நம் பணியாகிறது. இதனை மூன்று கதைகளால் விளக்குவேன்.

முதலாவது 'களிமண்'. மரியா மணமாகாத முதியவள். ஒரு சலவை நிலையத்தின் சமையலறையில் பணியாற்றுபவள். அக்டோபர் 31ஆம் நாள் மாலை, தான் வளர்த்த ஜோவின் வீட்டிற்கு விருந்துக்குச் செல்கிறாள். அங்கே கண்ணைக் கட்டித் தட்டுகளில் ஒன்றைத் தொடும் விளையாட்டு நடக்கிறது. மோதிரத்தைத் தொட்டால் திருமணம். செபப்புத்தகத்தைத் தொட்டால் கன்னியர் மடம். மண்ணைத் தொட்டால் மரணம் என்பது மரபு. மரியாவின் விரல்களில் ஈரமான மென்பொருள் ஒன்று படுகிறது. திடீரென அமைதி நிலவுகிறது. யாரோ யாரையோ கடிந்துகொள்கின்றனர். மறுமுறை அவளுக்குச் செபப்புத்தகம் கிடைக்கிறது. 'களிமண்' என்னும் சொல் கதையினுள் ஓரிடத்திலும் வரவில்லை; தலைப்பில் மட்டுமே இருக்கிறது. பின்னர் மரியா ஒரு பழைய பாடலைப் பாடுகிறாள். காதலர்கள் நாடிவரும் செய்தி உள்ள இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு முதற்பகுதியையே மீண்டும் பாடிவிடுகிறாள். பிழையை யாரும் சுட்டவில்லை. ஜோவின் கண்களில் நீர் பெருகுகிறது. அவள் வாழ்வில் இல்லாதுபோன ஒன்று, அவள் பாடாமல் விட்ட பகுதியில் இருக்கிறது. ஆசிரியர் இதனை விளக்கவில்லை, நாம் உணர்ந்துகொள்கிறோம்.

இரண்டாவது 'எவ்லின்'. கடையில் உழைத்து ஈட்டும் ஏழு ஷில்லிங்கையும் தந்தையிடம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு அவரிடமே கெஞ்சி நிற்கும் பெண் இவள். ஃபிராங்க் என்னும் மாலுமி அவளைப் புவனஸ் அயர்சுக்கு அழைத்துச் சென்று மணந்துகொள்வதாகச் சொல்கிறான். குடும்பத்தை இயன்றவரை காப்பதாக இறக்கும் தாய்க்கு அவள் வாக்களித்திருக்கிறாள். கப்பல் துறையில் இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு அவள் அசையாது நின்றுவிடுகிறாள். போகாததற்குக் காரணம் அச்சமா, கடமையா, பழக்கமா? ஃபிராங்க் நம்பத்தக்கவன்தானா? ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை. எவரும் அவளைக் கட்டிவைக்கவில்லை. ஆயினும் அவளால் நகர இயலவில்லை. முடக்கம் என ஜாய்ஸ் குறித்தது இதனையே.

மூன்றாவது கதை 'படிகள்'. இளைஞர்கள் ஊன்றிக் கேட்க வேண்டுகிறேன். ஃபாரிங்டன் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணங்களைப் படியெடுக்கும் எழுத்தர். மேலாளர் ஆலெய்ன் உருவத்தில் சிறியவர். ஃபாரிங்டனோ ஆற்றல் மிக்க உடலினர். அந்தச் சிறிய மனிதர் பலர் முன்னிலையில் அவரை ஏசுகிறார். மன்னிப்புக் கேட்கவும் வைக்கிறார். மாலையில் ஃபாரிங்டன் தம் கடியாரச் சங்கிலியை அடகு வைத்து ஆறு ஷில்லிங் பெற்று மதுக்கடைக்குச் செல்கிறார். தாம் பட்ட இழிவையே தம் வெற்றிபோல் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படுகிறார். பின்னர்க் கைவலிமைப் போட்டியில் ஓர் இளைஞனிடம் தோற்கிறார். காசும் போயிற்று, பெயரும் போயிற்று. வீடு திரும்பினால் அடுப்பு அணையும் நிலையில் கிடக்கிறது. மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறாள். நெருப்பை அணையவிட்டாய் என்று சிறிய மகன் டாமைக் கைத்தடியால் அடிக்கிறார். தன்னை விட்டுவிட்டால் அப்பாவுக்காக மரியன்னையிடம் செபிப்பதாகச் சிறுவன் அலறுவதுடன் கதை முடிகிறது.

இங்கே கதை சொல்லும் முறையைக் கவனியுங்கள். அலுவலகத்தில் ஆசிரியர் அவரைப் பெரும்பாலும் 'அந்த மனிதன்' என்றே குறிப்பிடுகிறார். மதுக்கடையில் மட்டும் 'ஃபாரிங்டன்' என்று பெயர் சொல்கிறார். வீட்டில் மீண்டும் 'அந்த மனிதன்' ஆகிவிடுகிறார். பெயர் தரப்படுவதும் பறிக்கப்படுவதும் ஒரு நாளின் வரலாறாகின்றன. தலைப்பும் ஆழமானது. பகலெல்லாம் ஆவணத்தைப் படியெடுத்தவர், இரவில் தாம் பெற்ற அவமதிப்பைப் படியெடுத்துத் தம்மினும் மெலியவனிடம் சேர்க்கிறார். மேலாளர் செய்தது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் தடியைப் பற்றிய கை ஃபாரிங்டனுடையது. இவ்விரண்டில் எதனையும் ஜாய்ஸ் மறைக்கவில்லை. அடிபட்டவன் அடிப்பவனாக மாறும் அந்த ஒரு கணத்தை நம் கண்முன் நிறுத்திவிட்டு அவர் விலகிக்கொள்கிறார். விடுபட்ட மூலை இங்கே ஒரு வினாவாகிறது. இந்தப் படியெடுப்பை எவர் நிறுத்துவது?

தன் நாட்டாரின் குறையை இவ்வாறு வெளிப்படுத்தலாமா என்று நீங்கள் கேட்கலாம். அன்றும் தடை பல எழுந்தன. 1906இல் அச்சகத்தார் சில பகுதிகளுக்கு மறுப்புத் தெரிவித்தனர். கிராண்ட் ரிச்சர்ட்ஸ் நூலைக் கைவிட்டார். 1909இல் டப்ளினிலேயே மான்சல் நிறுவனம் வெளியிட இசைந்தது. மதுக்கடைகளின் உண்மைப் பெயர்கள் பற்றியும் ஏழாம் எட்வர்டு மன்னர் பற்றிய பேச்சுப் பற்றியும் அங்கும் சிக்கல் எழுந்தது. 1912இல் அச்சிட்ட தாள்கள் அழிக்கப்பட்டன. அவ்வாண்டு டப்ளினை விட்டுச் சென்ற ஜாய்ஸ், 1941இல் இறக்கும்வரை அயர்லாந்துக்குத் திரும்பவில்லை. இறுதியில் 1914 ஜூனில் அதே கிராண்ட் ரிச்சர்ட்சே இலண்டனில் நூலை வெளியிட்டார். தம் மக்கள் தம்மை ஒரு நல்ல கண்ணாடியில் பார்த்துக்கொள்வதைத் தடுக்க வேண்டாம் என்பதே ஜாய்ஸ் பதிப்பாளரிடம் வைத்த வாதத்தின் சாரம். பிறர் நம்மை இழித்துரைப்பது வேறு; நம்முள் ஒருவர் அன்போடு நம்மை உற்று நோக்குவது வேறு. ஜாய்ஸ் மரியாவை நகையாடவில்லை. சிறுவன் டாமை மறக்கவில்லை. அவருடைய கண்டிப்பினுள் அந்த அன்பு இருக்கிறது.

அதற்குச் சான்று, 1907இல் எழுதிய இறுதிக் கதையாகிய 'இறந்தோர்'. படித்தவர், ஆசிரியர், தம் சொற்பொழிவைப் பற்றிப் பெருமிதம் கொண்டவர் கேப்ரியல். பணிப்பெண் லில்லியிடம் அவர் பரிவாகப் பேசுவதாக எண்ணிச் சொல்லும் ஒரு சொல் அவளைப் புண்படுத்துகிறது. அன்றிரவு, தம் மனைவி கிரெட்டாவை நேசித்து 17 வயதில் இறந்துபோன மைக்கேல் ஃபியூரி என்னும் எரிவாயு ஆலைத் தொழிலாளியைப் பற்றி முதன்முறையாக அறிகிறார். தாம் அத்தகைய அன்பை எவரிடத்தும் கொண்டதில்லை என்று உணர்கிறார். வெளியே அயர்லாந்து முழுவதும் பனி பொழிகிறது. உயிரோடிருப்போர் மீதும் இறந்தோர் மீதும் வேறுபாடின்றிப் பொழிகிறது. கற்றவரின் செருக்குக் கரைந்து, பிறர் துயரைக் காணும் கண் திறக்கும் இடம் அது. எவ்லினிடம் தொடங்கிய முடக்கம் இங்குச் சற்றே நெகிழ்கிறது.

அன்புள்ள இளைஞர்களே! இது பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல். மலிவுப் பதிப்பாகவே கிடைக்கும். சொற்களும் பெரும்பாலும் எளியவை. 'களிமண்' கதையில் தொடங்குங்கள். ஒருமுறை படித்ததும் ஒன்றுமே நிகழவில்லை என்று தோன்றும். மூடிவிடாதீர்கள், மறுமுறை படியுங்கள். இங்கே எவர் பேசவில்லை, எச்சொல் வரவில்லை, எது கொடுக்கப்படவில்லை என்று தேடுங்கள். அவ்வாறு தேடிப் பழகியவர், சிரித்துக்கொண்டு பாடும் ஒரு முதியவளின் குரலிலும் விடுபட்ட அடியைக் கேட்பார். கை ஓங்குமுன் தம் கையையும் பார்ப்பார். இலக்கியக் கல்வி தரும் பயன் இதனினும் பெரிதாக இருத்தல் அரிது.