எல்லை கடந்து கற்கும் எலும்பு மருத்துவம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ் விழாவில் எலும்பு மருத்துவருக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பிறந்த ஊரை விட்டு வந்து தொழில் கற்பது இன்னதென்று அறிந்தவர்களே இந்த அவை முழுதும் அமர்ந்திருக்கின்றீர்கள். ஆகவே, நாடு விட்டு நாடு சென்று கைத்திறன் கற்கும் எம் துறையைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தமே எனக் கருதுகின்றோம். எலும்பு அறுவையிலும் விளையாட்டு மருத்துவத்திலும் நடைபெறும் பன்னாட்டுப் பயிற்சி வகுப்புக்களே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஸ்விட்சர்லாந்து நாட்டுச் செய்தி. ஒரு காலத்தில் தொடை எலும்பு முறிந்தவரைப் பல வாரம் கட்டிலில் கிடத்தி, எடையைத் தொங்கவிட்டுக் காலை இழுத்து வைப்பர். அல்லது மாவுக்கட்டுப் போடுவர். எலும்பு கூடிவிடும், ஆனால் மூட்டு விறைத்து, தசை சூம்பிவிடும். இந்நிலையை மாற்ற எண்ணி 1958-இல் மாரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர், ராபர்ட் ஷ்னைடர், ஹான்ஸ் வில்லெனெக்கர் முதலிய அறுவை மருத்துவர்கள் பீல் நகரில் கூடி, ஏ.ஓ. என்னும் குழுவை அமைத்தனர். முறிந்த துண்டுகளைச் செவ்வையாகப் பொருத்துதல், தகட்டாலும் திருகாணியாலும் உறுதியாக நிறுத்துதல், எலும்பின் குருதியோட்டத்தைக் காத்தல், மூட்டை விரைவில் அசைக்கத் தொடங்குதல் ஆகிய நான்கும் அவர்தம் கொள்கைகள்.

கொள்கையை எழுதி வைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1960 டிசம்பரில் டாவோஸ் என்னும் மலையூரில் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினர். சொற்பொழிவைக் கேட்டவர்கள் தம் கையாலேயே எலும்பில் துளையிட்டு, மரை வெட்டி, திருகாணி முடுக்கிப் பழகினர். இன்று அவ்வகுப்புக்கள் நம் இந்தியா உட்படப் பல நாடுகளில் நடைபெறுகின்றன. அறுவை அரங்கில் துணைநிற்கும் செவிலியருக்கும் தனி வகுப்புக்கள் உண்டு. இப்போது பழகுவதற்குப் பிளாஸ்டிக் எலும்புகள் உள்ளன. அவற்றில் திருகாணி வழி தவறினால் எவருக்கும் வலிப்பதில்லை. செய்யக்கூடிய தவறுகளை அங்கேயே செய்து தீர்த்துவிட்டு வருவதுதான் பயிற்சியின் பெரும் பயன்.

அடுத்தது ஜப்பான் நாட்டுச் செய்தி. 1918-இல் டோக்கியோவில் கென்ஜி டகாகி என்பார், சிறுநீர்ப்பையை நோக்கும் குழலை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் மாணவர் மசாகி வாட்டனாபே கருவியைச் செம்மை செய்து, 1962-இல் அதன் துணைகொண்டு, மூட்டை அகலத் திறக்காமலேயே கிழிந்த பிறைக் குருத்தெலும்பை நீக்கினார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குக் கனடா நாட்டுக் குழுவோடு வந்த மருத்துவர் ராபர்ட் ஜாக்சன், அவரிடம் இருந்து கற்று, டொரொன்டோ திரும்பிப் பிறருக்கும் கற்பித்தார். 1984-இல் ஜோன் பெனாய்ட் என்னும் அமெரிக்க ஓட்ட வீராங்கனைக்கு இம்முறையில் முழங்கால் அறுவை நடந்தது. பதினேழாம் நாள் தகுதிப் போட்டியில் வென்ற அவர், அவ்வாண்டே ஒலிம்பிக்கின் முதல் மகளிர் மாரத்தானிலும் தங்கம் பெற்றார். ஒருவர் கற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாததால் விளைந்த பயன் இது.

இங்கே எம் குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பல ஆண்டுகட்கு முன் நாமும் வெளிநாடு சென்று இப்பயிற்சி பெற்று வந்தோம். சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினோம். கருவியை அலமாரியில் பூட்டிச் சாவியை நாமே வைத்துக்கொண்டோம். பிறர் தொட்டால் கெட்டுவிடும் என்பது நாம் சொன்ன காரணம். மனத்தில் இருந்த காரணம் வேறு.

ஒரு கோடையில் நாம் நீண்ட விடுப்பில் ஊர் சென்றிருந்தபோது, கபடி ஆடும் இளைஞன் ஒருவன் முழங்கால் பூட்டிக்கொண்டு, நீட்ட இயலாமல் வந்தான். உதவி மருத்துவருக்கு நோய் தெரிந்தது; கை பழகியிருக்கவில்லை. “பெரிய டாக்டர் வரட்டும்” என்றனர். வேறிடம் செல்ல அவனுக்கு வசதியில்லை. நாற்பது நாள் கழித்து நாம் வந்து அறுவை செய்தோம், கால் நீண்டது. ஆனால் விளையாட்டு வீரர்க்கான இரயில்வே வேலைத் தேர்வு நடந்த நாளில் அவன் ஊன்றுகோலோடு நின்றான். எம்மை ஒரு சொல்லும் குறை கூறாமல் கும்பிட்டுச் சென்றான். அந்தக் கும்பிடு இன்றும் எம்மை உறுத்துகின்றது.

அவ்வாரமே சாவியை உதவி மருத்துவரிடம் கொடுத்து, கற்பிக்கத் தொடங்கினோம். கற்பித்தபோதுதான் நாம் அரைகுறையாக அறிந்தவை எவை என்பதும் விளங்கிற்று. சில நாள் வகுப்பு எவரையும் வல்லுநர் ஆக்கிவிடாது. அது வாயிலைத் திறந்துவிடும், அவ்வளவே. கருவி செய்யும் நிறுவனங்கள் பொருளுதவி புரியும் வகுப்புக்களும் உண்டு. அங்குச் செல்வோர் அக்கருவிக்கு விளம்பரம் செய்வோராகத் திரும்பாமல், கைத்திறனோடு திரும்பவேண்டும்.

விளையாட்டு மருத்துவம் என்றால் கத்தி மட்டும் அன்று. 2006-இல் உலகக் காற்பந்துக் கழகமாகிய பிஃபா, காயம் வராமல் காக்கும் பயிற்சித் தொகுப்பு ஒன்றை வகுத்தது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் ஓடுதல், ஒற்றைக் காலில் நிலைத்து நிற்றல், குதித்து இறங்குகையில் முழங்கால் உட்புறம் சாயாமல் பழகுதல் ஆகியவை அதில் அடங்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. 13 முதல் 17 வயதுடைய பெண் ஆட்டக்காரரிடையே நார்வேயில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. கடல் கடந்து வந்த கல்வியில் இவ்வளவு எளியது நம் பிள்ளைகளின் ஆடுகளத்துக்கு இன்னும் வாராதிருப்பானேன்?

நம் சங்கத்தின் அடுத்த விளையாட்டு விழாவில் இந்த இருபது நிமிடத்தை முதல் நிகழ்ச்சியாக வைக்க வேண்டுகின்றோம். கற்பிக்க நாமே வருகின்றோம். வெளிநாட்டுப் பயிற்சிக்குச் செல்லும் இளம் மருத்துவர்களுக்கும் ஒரு சொல்: சான்றிதழைச் சுவரில் மாட்டுமுன், கற்றதை இன்னொருவர் கையில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் ஓர் ஏழைப் பிள்ளையின் முழங்கால் பூட்டிக்கொள்ளும்.