நுரையீரலில் நீர் கோத்தல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று வைத்தியர் உரைத்த மாத்திரத்தில், நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதாக நம்மவர் எண்ணிவிடுகின்றனர். அஃது ஓர் அடையாளமேயன்றி நோயின் பெயரன்று. அந்நீர் எதனால் வந்தது என்பதே நாம் கேட்கவேண்டுவது.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை இரத்தக் குழாய்கள் வலைபோற் சூழ்ந்துள்ளன. இருதயத்தின் இடப்பாகம் வலுவிழந்து, வந்த இரத்தத்தை முன்னே தள்ளமாட்டாதாயின், அது பின்னே தேங்குகின்றது; அழுத்தம் மிகுந்து, நீர் கசிந்து அவ்வறைகளில் இறங்குகின்றது. படுத்தால் மூச்சு முட்டும். நடுநிசியில் எழுந்து உட்கார்ந்தாற் சற்றே தணியும். இதனை இரைப்பு நோயென்று கருதிக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருத்தல் எத்துணை ஆபத்து!

நமது பெண்மக்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிறுவயதில் தொண்டை நோவும், பின்னர் மூட்டு வீக்கமும் சுரமும் கண்ட சிலருக்கு, இருதயத்தின் இடப்புறத்து வால்வு நாளடைவிற் சுருங்கிவிடும். கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகவே, அதுவரை மறைந்திருந்த குறை மூச்சுத் திணறலாக வெளிப்படும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இளைப்பு இயல்புதானே என்று மாமியார்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். படுக்கவொட்டாத இளைப்பு இயல்பன்று. அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று எக்கோ பார்த்தல் வேண்டும்.

இருதயத்தில் யாதொரு குறையும் இல்லாத குழந்தைக்கும் இது நேரலாம். கொங்கணத்தில் மகாட் நகரை அடுத்த கிராமங்களிற் செந்தேள் கொட்டி மாண்டோர் பலர். அங்குப் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், விஷத்தால் இரத்தக் குழாய்கள் இறுகி, இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோப்பதை ஆராய்ந்தார். இரத்த அழுத்தத்திற்கு வழங்கிவந்த பிரசோசின் என்னும் சாதாரண மாத்திரையைக் கொடுத்து உயிர்களைக் காத்து, 1986-இல் லான்செட் பத்திரிகையில் அதனை வெளியிட்டார். நாமோ மந்திரிப்பவரைத் தேடி ஓடுகிறோம்.

சிறுநீரகம் கெடுவதாலும், கடுஞ்சுரத்தோடு வரும் நுரையீரல் அழற்சியாலும், உயர்ந்த மலைகளில் விரைந்து ஏறுவதாலும் நீர் கோப்பதுண்டு.

நுரையீரலுக்குள்ளன்றி, அதனைச் சூழ்ந்த இரு சவ்வுகளுக்கிடையே தேங்கும் நீர் வேறு. இதனையும் நம்மவர் அதே பெயரால் வழங்குகின்றனர். நம் தேசத்தில் இதற்குக் காசநோய் ஒரு முக்கிய காரணம், புற்றுநோயும் காரணமாகலாம். காசநோயென்று வெளியிலே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வாராதென்று அஞ்சி, நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்க ஒப்பாதார் நம்மிடையே இன்னும் உளர். சாதாரணமாக ஆறு மாதம் உட்கொள்ள வேண்டிய அம்மருந்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கொடுக்கப்படுகின்றது.