ஐந்து நாள் மருந்து



குழந்தையின் மூக்கடியில் ஒரு சின்னக் கொப்புளம் வருகிறது. ஓரிரு நாளில் அது உடைந்து நீர் கசிகிறது. கசிந்த நீர் காய்ந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டுகிறது. சொறிந்த விரலோடு பிள்ளை கன்னத்தைத் தொட்டால் கன்னத்தில் ஒன்று, முழங்கையைத் தொட்டால் அங்கே ஒன்று. ஒரே பாயில் படுக்கும் தம்பிக்கும் அடுத்த வாரம் வந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதை இம்பெடைகோ என்பார்கள். வியர்வையும் புழுக்கமும் மிகுந்த மாதங்களில், கொசுக்கடியைச் சொறிந்த இடத்திலோ விழுந்து சிராய்த்த இடத்திலோ இது சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு வகைப் பாக்டீரியாக்கள்தான் காரணம்.

புண் நாலைந்து இடத்தோடு நின்று, காய்ச்சலும் இல்லையென்றால் மாத்திரை, ஊசி எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. மேலே தடவும் ஆன்டிபயாடிக் ஆயின்மெண்ட் போதும். மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தருவது மியூபிரோசின், இல்லாவிட்டால் ஃபியூசிடிக் ஆசிட். மியூபிரோசினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது எப்படிப்பட்ட மருந்து என்று தெரிந்தால், அதை ஏன் பொத்திப் பொத்திப் பயன்படுத்தச் சொல்கிறோம் என்பதும் விளங்கும்.

மியூபிரோசினைத் தருவதே ஒரு பாக்டீரியாதான். சூடோமோனாஸ் ஃப்ளூரெசென்ஸ் என்று பெயர். மண்ணிலும் நீரிலும் வாழ்வது. தன் பக்கத்தில் மற்ற பாக்டீரியாக்கள் வளராதபடி அது ஒரு பொருளைச் சுரக்கிறது. பிரிட்டனின் பீச்சம் நிறுவன ஆய்வாளர்கள் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1971-ல் அது பற்றிய செய்தி வெளியானது. 1980-களில் ஆயின்மெண்டாக விற்பனைக்கு வந்தது. நூறு கிராம் களிம்பில் இரண்டு கிராம்தான் மருந்து. பாக்டீரியா உயிரோடிருக்கப் புரதம் வேண்டும். புரதம் உருவாக ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். அந்த ஐசோலூசினைச் சேர்த்துக்கொடுக்கும் நொதியை மியூபிரோசின் முடக்கிவிடுகிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் ஆன்டிபயாடிக் எதுவும் இந்த இடத்தில் கை வைப்பதில்லை. அதனால் மற்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ்கூடப் பல சமயம் இதற்கு அடங்கும்.

ஆனால் இது ரத்தத்தில் கலந்தால் சீக்கிரமே சிதைந்து சக்தியற்றுப் போகும். ஆகவே இதை மாத்திரையாக விழுங்க முடியாது, ஊசியாகவும் போட முடியாது. தோலின் மேலேயும் மூக்கின் உட்புறத்திலும் மட்டும்தான் இதற்கு வேலை. மூக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் மூக்கினுள் சும்மா குடியிருக்கிறது. இதய அறுவை சிகிச்சை, மூட்டு மாற்று சிகிச்சை போன்றவற்றுக்கு முன் நோயாளியின் மூக்கில் மியூபிரோசின் தடவி அதை அகற்றும் வழக்கம் பல மருத்துவமனைகளில் உண்டு. இந்த மருந்து வலுவிழந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

வலுவிழக்குமா? நியூசிலாந்தில் அது நடந்தது. அங்கே 1991 முதல் மியூபிரோசினை மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். சிராய்ப்பு, கீறல், பூச்சிக்கடி என்று ஜனங்கள் எல்லாவற்றுக்கும் தடவினார்கள். சில ஆண்டுகளிலேயே, மியூபிரோசினுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் அந்த நாட்டில் பெருகிவிட்டது. 2000-ம் ஆண்டில் சீட்டு இருந்தால்தான் விற்பனை என்று திருப்பி மாற்றினார்கள். அதன் பின் வந்த ஆண்டுகளில் அந்த எதிர்ப்புச் சக்தி இறங்கியது. கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு பலன் கிடைத்தது எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. மருத்துவர்கள் அடுத்து ஃபியூசிடிக் ஆசிடை ஏராளமாக எழுதத் தொடங்கினார்கள். பாக்டீரியா அதற்கும் பழகிக்கொண்டது. ஆக, சீட்டில் எழுதினால் மட்டும் போதாது. தேவையில்லாத இடத்தில் எழுதாமலும் இருக்க வேண்டும். இது என்னைப் போன்ற மருத்துவர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம்.

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. "அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட் குடுங்க" என்று கேட்டால், ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீமைக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் இரண்டே நாளில் அமுக்கிவிடும். குணமாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே இருப்பது படர்தாமரையாக இருந்தால், அது அமைதியாகப் பரவிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் தடவியவர்களுக்குத் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழுந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. அந்தத் தழும்பு முழுதாக மறையாது. 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. டியூபில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அது மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து. கேட்டு வாங்காதீர்கள், கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். படர்தாமரை, சேற்றுப்புண், அக்கி இவை மூன்றுக்கும் மியூபிரோசின் பயன்படாது. முதல் இரண்டும் பூஞ்சை, அக்கி வைரஸ்.

இனி, தடவும் முறை. பொருக்கின் மேல் அப்படியே அப்பினால் மருந்து உள்ளே இறங்காது. வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு ஊறவைத்து, பொருக்கை மெல்ல எடுத்துவிட்டு, ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிய்த்து இழுத்து ரத்தம் வரவைக்க வேண்டாம். பிறகு மெல்லிசாக ஒரு பூச்சு. நாளுக்கு இரண்டு வேளையா மூன்று வேளையா என்பதை மருத்துவர் சொல்வார். பெரும்பாலும் ஐந்து நாள். பத்து நாளுக்கு மேல் போவதில்லை. மூன்றாம் நாளே புண் காய்ந்துவிட்டாலும் சொன்ன நாள்வரை தடவுங்கள். முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளையின் துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மருந்து தொடங்கி இரண்டு நாளாவது பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். மீதமான டியூபைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், பீரோவில் பத்திரப்படுத்தவும் வேண்டாம்.

இரவில் வீடு முழுக்க எல்லோருக்கும் அரிப்பு, விரலிடுக்கில் சிறு சிறு பொரி என்றால் அடியில் இருப்பது சொறிப்பூச்சி. அதற்கு மருந்து போடாமல் மேலே உள்ள சீழுக்கு மட்டும் ஆயின்மெண்ட் தடவினால் புண் திரும்பத் திரும்ப வரும். சீழ் கோத்துக் கனத்த கட்டிக்கும் களிம்பு உள்ளே எட்டாது. மருத்துவர் கீறி வடிக்க வேண்டும். பெரிய தீக்காயத்தில் நீங்களாகத் தடவவே கூடாது. இந்த ஆயின்மெண்டின் அடிப்படைக் களிம்பு வெந்த தோல் வழியே உடம்புக்குள் நிறையச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

மூன்று முதல் ஐந்து நாளில் தேறவில்லை என்றால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் என்றால், அத்தனை நாள் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். புண் ஆறிய பிறகும் ஆறு வாரம்வரை பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது இவையே அதன் அடையாளம். இதில் எதைக் கண்டாலும் அன்றைக்கே பிள்ளையை அரசு மருத்துவமனைக்கோ உங்கள் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு தோலில் புண் வந்திருந்ததையும் மறக்காமல் தெரிவியுங்கள்.