பட்டா இல்லாதவருக்கு என்ன வாடகை?

தோழர்களே, சூரிய மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று பேச நான் வரவில்லை. வேண்டும். எண்ணூரில் நிலக்கரிச் சாம்பல் யார் ஆற்றில் கலக்கிறது, யார் மூச்சில் போகிறது என்று நமக்குத் தெரியும். என் கேள்வி, திட்டம் போடும்போதே யாரை விட்டுவிடுகிறார்கள் என்பது.

கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்தின் பாவகடா, மழை பொய்த்த பகுதி. அங்கே 5 ஊர்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா அமைத்தார்கள். நல்ல முன்மாதிரி என்கிறார்கள். காரணம் இருக்கிறது. நிலத்தைப் பிடுங்கவில்லை, குத்தகைக்குத்தான் எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கொருமுறை 5 சதவீத உயர்வு. மானாவாரி விவசாயிக்கு இது சின்னத் தொகை அல்ல.

சரி, பட்டா இல்லாதவருக்கு? ஒன்றுமில்லை. அந்த மண்ணில் களையெடுத்து, கடலை பறித்துக் கூலி வாங்கியவர்களும், அறுவடை முடிந்த காட்டில் ஆடு மேய்த்தவர்களும் வேலி போட்டதும் வெளியே நின்றார்கள். நிலமற்ற தலித்துகள், அதிலும் பெண்கள். கட்டுமானம் நடந்தவரை வேலை இருந்தது. பிறகு புல் வெட்ட, பலகை துடைக்க, காவல் காக்கக் கொஞ்சம் பேர் போதும்.

யாரும் சாதி கேட்டுக் கையெழுத்துப் போடவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பட்டா யார் கையில் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிட்டது. ஒப்பந்தம் பட்டாவை மட்டும் பார்த்தது. 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலமே கைமாறிப்போன நம் மாநிலத்தில், கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016இலேயே வந்துவிட்டது. இன்னும் வரும்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அண்ணல் அம்பேத்கரிடம்தான் மின்சாரத் திட்டமிடலும் இருந்தது. உழைப்பையும் மின்சாரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் அவர். (இதைப் பொறியியல் கல்லூரியில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?)

ஆகவே நிலத்தை அளக்கும்போதே அதில் கூலி வேலை செய்தவர்களின் பட்டியலையும் எடுக்க வேண்டும். குத்தகையோடு சேர்த்து அந்தக் குடும்பங்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு பங்கு, பெண்கள் பெயரில். பலகைகளை உயர்த்தி நிறுத்தினால் கீழே ஆடு மேயலாம். செலவு கூடும், யூனிட் விலை ஏறும் என்பார்கள். இப்போதைய மலிவு விலைக்குள் அவர்கள் இழந்த கூலியும் இருக்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்?