பிடித்த பாட்டு வேறு, பழகும் பாட்டு வேறு

(இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர், நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



பொங்கல் அன்று நம் வளாகத்தில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம மதினி ஒருவர் மேடையேறி 'சிங்கார வேலனே தேவா' பாடினார். ஆரம்பம் அருமையாக இருந்தது. மேலே ஏறும் இடத்தில் குரல் சட்டென்று உடைந்தது. பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கீழே இறங்கி வந்தவர், "இனிமே மைக்கையே தொட மாட்டேன் டீச்சர்" என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. எடுத்த பாட்டுதான் அவசரப்பட்ட பாட்டு.

அதை ஏன் எடுத்தார் என்பதும் எனக்குப் புரிகிறது. அது நம்ம ஊருக்குச் சொந்தமான பாட்டு மாதிரி. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து ஒலிப்பது, கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, ராகம் ஆபேரி. நாதஸ்வரம் போகிற உயரத்துக்கெல்லாம் ஒரு பெண் குரல் ஈடுகொடுத்துப் போகிறது. கேட்க ஆனந்தம்தான். ஆனால் அது பழகி முடித்தவர்கள் பாடுகிற பாட்டு. அதை வைத்துப் பழக ஆரம்பித்தால் தொண்டைதான் கெடும்.

குரல் ஏன் உடைகிறது? நம் எல்லோரிடமும் இரண்டு குரல் இருக்கிறது. மூன்றாம் மாடியிலிருந்து கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்களே, அது நெஞ்சுக் குரல். அப்போது குரல் நாண்கள் தடிமனாகச் சேர்ந்து அதிரும். முளைப்பாரி எடுக்கும்போது குலவை போடுகிறீர்களே, அது தலைக் குரல். அப்போது நாண்கள் நீண்டு, மெலிந்து, ஓரம் மட்டும் அதிரும். "எனக்கு மேல் குரலே கிடையாது" என்று சொல்கிற பெண்களும் குலவை போடத்தான் செய்கிறார்கள்!

இந்த இரண்டுக்கும் நடுவே, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தெரியாமல் நகர்கிற குரலைத்தான் கலப்புக் குரல் என்கிறோம். பஞ்சு விளைகிற மண் நம்முடையது, அதனால் நூலை வைத்தே சொல்கிறேன். தடித்த நூலை மெல்லிய நூலாக இழுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் அறாது. வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். நெஞ்சுக் குரலை அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போனால் நடப்பதும் அதுதான்.

அந்த இணைப்பு எங்கே வருகிறது? ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெரும்பாலான பெண்களுக்கு, பஞ்சமம் தாண்டி தைவதத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை உள்ள இடத்தில் வரும். அதனால் பழக ஒரு பாட்டு எடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பாட்டின் உச்ச ஸ்வரம் எது? இணைப்பைத் தொட்டுவிட்டு இறங்கினால் நல்லது. அங்கேயே நின்று நீட்டுகிற பாட்டு இப்போது வேண்டாம்.

இரண்டு: மேலே எப்படிப் போகிறது? படிப்படியாக ஏறினால் சரி. ஒரே தாவாகத் தாவினால் பிறகு பார்க்கலாம்.

மூன்று: உச்சத்தில் என்ன எழுத்து வருகிறது? 'ஊ', 'ஈ' வந்தால் குரல் தானாக மெலியும். வாயைப் பிளக்கும் 'ஆ' வந்தால் கத்தத் தோன்றும்.

நான்கு: பேசுகிற அளவு சத்தத்தில் பாட முடிகிறதா? முடியாவிட்டால் அந்தப் பாட்டை ஒதுக்கி வையுங்கள்.

இனி எந்த வரிசையில் பழகலாம் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஆச்சி பாடிய தாலாட்டு. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று பாடுகிற பாட்டில் கத்தல் வராது. அந்த 'ரோ' என்ற இழுப்பே நல்ல பயிற்சி.

அடுத்தது, பக்கத்து எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரப் பாடல்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் எழுதிய சின்னச் சின்ன சமஸ்கிருதப் பாடல்கள் அவை. கமகம் இல்லாத நேர் ஸ்வரங்கள். அதில் 'சியாமளே மீனாக்ஷி' என்பதன் மெட்டு, உங்கள் பேரப்பிள்ளைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டுதான். அது தைவதத்தைத் தொட்டதும் இறங்கிவிடும். முதலில் சொற்களை விட்டுவிட்டு, 'ஊ' என்று மட்டும் ஐந்து கட்டையில் பாடுங்கள். சுகமாக இருந்தால் ஐந்தரை, பிறகு ஆறு, ஆறரை. பாட்டு மாறாமலே, அரை அரைக் கட்டையாக இணைப்பைத் தாண்டிவிடுவீர்கள். நடுவில் ஒரு தாவு உண்டு, ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம். அது இணைப்புக்குக் கீழே இருப்பதால் ஐந்து கட்டையில் பயமில்லை.

மூன்றாவது, 1992-இல் வந்த 'ரோஜா' படத்தில் மின்மினி பாடிய 'சின்னச் சின்ன ஆசை'. அடிகள் குட்டையானவை, மூச்சு வாங்க இடம் இருக்கிறது. அடுத்து, ராஜாஜி எழுதி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'குறை ஒன்றும் இல்லை'. முதல் மாதம் பல்லவியும் அனுபல்லவியும் போதும்.

இவை கைவந்த பிறகு 'பாடறியேன் படிப்பறியேன்' எடுங்கள். 1985-இல் 'சிந்து பைரவி' படத்துக்காக இளையராஜா இசையில் கே.எஸ். சித்ரா பாடி, தேசிய விருது வாங்கிய பாட்டு. நாட்டுப்புறப் பேச்சுக் குரலில் தொடங்கி, சாரமதி ராகத்தில் தியாகராஜர் கீர்த்தனையில் போய்ச் சேரும். குரல் எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. நாம் தேடும் கலப்பு அதுதான். மதினியின் 'சிங்கார வேலனே' இதற்கும் பிறகு.

ஒரு பாட்டு சுருதிக்கு ஒத்துவராவிட்டால் சுருதியை மாற்றுங்கள். போனில் இருக்கும் கரோக்கி செயலியில் அரைக் கட்டை இறக்குவதில் ஒரு வெட்கமும் இல்லை. பாடகி பாடிய சுருதியிலேயே பாட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் இருபதாவது வயதில், சத்தம்தான் குரல் வளம் என்று நம்பி ஒரு ஆண்டு விழாவுக்காக நாள் கணக்கில் உச்சத்தில் கத்திப் பழகினேன். குரல் கம்மியது. குரல் நாணில் சிறு தடிப்புகள் வந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். வாரக்கணக்கில் வாய் திறக்காமல், சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி பாடுவேனா என்று அழுத இரவுகள் உண்டு. அந்தப் பயம் உங்களுக்கு வர வேண்டாம்.

அதனால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். கரிசல் புழுதியும் வெயிலும் தொண்டையை உலர்த்தும், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். வலித்தால், கரகரத்தால் உடனே நிறுத்துங்கள். கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பழகும்போது குரல் உடைந்தால் பயப்படாதீர்கள். இணைப்பு இருக்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணத்தோடு பாட்டை மூட்டை கட்டி வைத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மொட்டை மாடிக்கு வாருங்கள், சுருதிப் பெட்டியோடு நான் இருப்பேன். மதினி, முதல் நாற்காலி உங்களுக்கு. தாலாட்டில் இருந்து ஆரம்பிப்போம்.